பிஸ்கட் டப்பாவுக்குள் ஒன்பது பேர்

காலேஜில் எங்களுக்கு மனித உரிமைகள் என்று ஒரு பேப்பர் உண்டு. பாஸ் பண்ணுவது சுலபம் என்று சீனியர்கள் சொன்னதால் மொத்த கிளாஸும் அதை எடுத்திருந்தது. ஒருநாள் மேடம் திரையில் ஒரு பட்டியலைப் போட்டார். கட்டாய வேலை நடக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம். பூட்டி வைப்பது, மிரட்டுவது, சம்பளத்தை இழுத்தடிப்பது என்று போய்க்கொண்டே இருந்த பட்டியலின் நடுவில் ஒரு வரி: தொழிலாளியின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது. உதாரணம் கேட்டார். பசங்க வளைகுடா நாடு, பாஸ்போர்ட் என்றார்கள். ஒருத்தி மீன்பிடிக் கப்பல் என்றாள். கால் மணி நேரத்தில் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தார்கள்.

கிளாஸிலேயே அதிகமாக வாயடிக்கிற ஆள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்த உதாரணம் ஏற்காட்டில், எங்கள் அப்பாவின் ஆபீஸ் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. மூடியில் பனிமலையும் ரெண்டு நாய்க்குட்டியும் போட்ட அழகான டப்பா. உள்ளே ஒன்பது பேருடைய ஆதார் கார்டு.

அப்பா அப்போது ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதுகிற வேலை. உள்ளூர்ப் பெண்கள் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட, பழம் பறிக்க ஆள் இல்லை என்று முதலாளி ஜார்க்கண்டிலிருந்து ஒன்பது பேரைக் கொண்டுவந்து இறக்கினார். எஸ்டேட்டில் எல்லோருக்கும் அவர்கள் 'இந்திக்காரங்க'. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது இந்தியே இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் கடைசி, அதாவது கரண்ட் இல்லாத வீடு, அவர்களுக்கு. குழாயடியில் மற்ற எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர்கள் குடம் வைக்கலாம். இப்படி ஒரு சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் ஐந்து வயதுப் பையனுக்கும் அது தெரிந்திருந்தது.

வந்து இறங்கிய அன்றே அப்பா ஒவ்வொருவரிடமும் கார்டை வாங்கி டப்பாவில் போட்டார். முதலாளி பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "சேப்டிக்கு" என்றார். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானும், அடுத்தவர் கார்டைக்கூட இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாரே, எப்பேர்ப்பட்ட நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

அந்த ஒன்பது பேரில் சுக்மணி அக்கா எனக்கு ஃப்ரெண்ட். அவள் புருஷன் பெயர் மங்ரா. பேசவே மாட்டான். அவளுக்கும் சேர்த்துப் பழம் பறிப்பான். அக்காவுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஆட்களிடம் காதால் கேட்டே தமிழ் பழகினாள். எங்கள் பக்கத்தில் எதற்கும் 'ங்க' போடுவோம் இல்லையா, அவளும் எல்லாவற்றுக்கும் போட்டாள். தெருநாய் சோற்றுப் பானைக்குக் கிட்டே வந்தால், "போங்க, போங்க" என்று மரியாதையாக விரட்டுவாள். அது பாட்டுக்கு உட்கார்ந்து கேட்கும். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

கார்த்திகையில் பழம் நன்றாகச் சிவந்து வேலை மும்முரமாக இருந்த ஒரு சாயங்காலம் அவளும் மங்ராவும் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்கள். முன்வாசலுக்கு வர மாட்டார்கள். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஊருக்குப் போறேனுங்க," என்றாள் அப்பாவிடம். "அம்மாகிட்ட. கார்டு குடுங்க."

அப்பா செருப்பைப் பார்த்தார். "நானும் மொதலாளிகிட்டக் கேட்டுட்டேன் சாமி. சீசன் முடியட்டும், மாசியில பாக்கலாம்ங்கறாரு."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். விரலை மடக்கி எண்ணினாள். "இப்ப ஏழு. மாசியில இவளுக்குப் பத்து. அப்ப ரெண்டு நாள் ரயில்ல போவாளா?"

சுக்மணி அக்கா அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். போன வருஷம் வேறெங்கோ ஒரு செங்கல் சூளையில் இருந்தபோது வயிற்றில் தங்கியது ஐந்தாம் மாசத்திலேயே போய்விட்டது என்று அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அன்றும் அவள் ஊருக்குத்தான் போக நினைத்தாளாம். அன்றும் விடவில்லையாம்.

அவர்கள் போனதும் அடுப்படியில் சண்டை நடந்தது. எங்கள் வீட்டுச் சண்டையில் சத்தம் இருக்காது. மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

"என்ற கைல என்ன புள்ள இருக்குது? சாவி அவருகிட்ட," என்றார் அப்பா.

"வாங்கறப்ப உங்க கைதானுங்க வாங்குச்சு," என்றாள் அம்மா.

அப்பா டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் அம்மா ஒரு செய்தியை அறிவித்தாள். சுக்மணிக்கு நம் வீட்டில் வளைகாப்பு. கேட்டுக்கொண்டிருந்த அத்தை, கையிலிருந்த குழந்தையை நழுவ விடப் பார்த்தாள்.

அத்தை அதிர்ச்சியானதில் நியாயம் இருந்தது. அப்பாவின் தங்கை அவள். மாமாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அப்படியே இருந்துகொண்டாள். நாங்கள் வேதக்காரர்கள். அம்மா சபையில் முன்வரிசை. அத்தை மாசமாக இருந்தபோது, வளையல் போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "பைபிள்ல எங்க கண்ணு இருக்குது?" என்று ஒரே கேள்வியில் அம்மா முடித்துவிட்டாள். அத்தை அதை மறக்கிற ஆள் இல்லை.

"ஏனுங்க அண்ணி," என்றாள் இப்போது, "ராத்திரியோட ராத்திரியா பைபிள்ல புதுசா அச்சடிச்சுட்டாங்களா?"

"வெங்காயத்த உரி," என்றாள் அம்மா.

அடுத்த பிரச்சினை நாள். மார்கழி பிறந்துவிட்டால் விசேஷம் செய்ய மாட்டார்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் தினம் ஒரு வசனம் இருக்கும். நல்ல நேரம், ராகு காலம் எதுவும் இருக்காது. ஆகவே டீக்கடைக் காலண்டரைப் பார்த்து எழுதி வர என்னை அனுப்பினாள். "யாராச்சும் கேட்டா, பரீச்சைக்குன்னு சொல்லு." பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு வகுப்பில் பாடம் எடுக்கிற அம்மா ஏன் இதைச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கார்த்திகையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம். எழுதிக்கொண்டு ஓடினேன். அந்த ஞாயிறு அம்மா ஆராதனைக்குப் போகப்போவதில்லை என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது. காய்ச்சல் வந்தால்கூட அவள் ஆராதனையை விட்டதில்லை.

சனிக்கிழமை முதலாளியும் முதலாளியம்மாவும் சேலத்திலிருந்து ஜீப்பில் வந்தார்கள். அம்மா ஒரு தட்டில் பூவும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனாள்.

"நீங்க முன்ன நின்னு மொத வளையல் போட்டுக் குடுக்கோணுமுங்க," என்றாள்.

முதலாளியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மகள் பெங்களூரில் அப்போது ஐந்து மாசம். வாரா வாரம் மகளின் வாந்தியைப் பற்றித்தான் பேசுவார். "நீங்க கிறிஸ்தவங்க இதெல்லாம் செய்வீங்களா?"

"புள்ளத்தாச்சிக்கு அதெல்லாம் என்னுங்க," என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு சுக்மணி அக்காவை உட்காரவைத்தார்கள். அம்மாவின் பச்சைப் பட்டுப் புடவை. தலை நிறையக் கனகாம்பரம். அவளுக்கு நடப்பது எதுவும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் தன்னையே பார்ப்பதில் ஒரு வெட்கம். குழாயடியில் அவளை நிற்க வைத்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, சந்தனம் பூசும்போது ஒருத்திகூட முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு பாட்டியம்மா மட்டும், "கையி இவ்வளவு காய்ச்சுப் போயிருக்குதே கண்ணு," என்று அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலாளியம்மா முதல் வளையலைப் போட்டார். பிறகு அம்மா, பிறகு அத்தை. அத்தை போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் கையிலும் இரண்டு போட்டுக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பேசாமல் இன்னும் நாலு வளையலை அத்தை பக்கம் நகர்த்தினாள்.

சாப்பாடு பரிமாறும் நேரத்துக்கு முதலாளியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அம்மா, ரொம்பச் சாதாரணமாக, முதலாளியம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"வளையல் போட்டாச்சுங்க. இனி இவ புருஷன் ஊட்ல தங்கப்படாதுங்களே. இன்னைக்கே தாய் ஊட்டுக்குக் கெளம்போணும். அதானுங்க மொறை."

பெண்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முறை அவர்களுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். அப்பா கையில் சோற்று வாளியோடு அப்படியே நின்றார்.

முதலாளி லேசுப்பட்ட ஆள் இல்லை. மெதுவாகச் சிரித்தார். "தாய் ஊடுதானுங்களே வேணும்? விசேஷம் செஞ்சது நீங்க. அப்ப ரைட்டர் ஊடே தாய் ஊடு. இங்கயே இருக்கட்டும். தூரத்துல இருக்கறவங்க அப்படித்தான் செய்யறாங்க. ரயில் ஏறித்தான் போகோணும்னு எங்க எழுதியிருக்குது?"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் சபையில் நடந்த வேதாகமக் கேள்வி பதிலில் எனக்கு இரண்டாம் பரிசு. எங்கே எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால் போதும், என் கை தானாக உயரும். உயர்ந்தது.

"எங்கயும் எழுதலீங்க," என்றேன் பெருமையாக. "பைபிள்ல வளைகாப்பே கெடையாதுங்க. எங்கம்மாவுக்கு இதுல நம்பிக்கையே இல்லீங்க. அதனாலதான் எங்கத்தைக்குக்கூடப் பண்ணல."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் சரியான பதிலைத்தானே சொன்னேன், ஏன் யாரும் கைதட்டவில்லை என்று சுற்றிலும் பார்த்தேன். சுக்மணி அக்கா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் ஏதோ நல்லதாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கேட்டியா?" என்றார் மனைவியிடம். "நம்பாதவங்க நமக்குக் காட்டற வளைகாப்பு. எந்திரி, போலாம்."

முதலாளியம்மா எழுந்திருக்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"அவங்க நம்பலீனாப் போகட்டுமுங்க," என்றார். "மொத வளையல் போட்ட கை என்னுதுங்க. தையில நம்ம புள்ளைக்கும் இதே கைலதான் போடப்போறேன். இவள அழுக உட்டுட்டு அப்பறம் அந்தக் கைய எப்படிங்க நீட்டறது?"

"அட, சீசன் நேரத்துல..."

"குடுத்து அனுப்புங்க."

முதலாளி பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணோடத மட்டும் எடுத்துக் குடுங்க ரைட்டரே."

"வாயும் வயிறுமா இருக்கறவ ரெண்டு நாள் தனியா போவாளா?" என்றார் முதலாளியம்மா. "அவன்றதையும் குடுங்க."

அப்பா ஓடினார். எங்கள் அப்பா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் திரும்பி வருவதற்குள் முதலாளி சாப்பிடாமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். சாவியைக் கேட்டு வாங்க மறந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு ஒரு பஸ் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும். எல்லோரும் ரோட்டுக்குப் போனோம். மங்ரா கையில் ஒரு சாக்குப்பை, அத்தை கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலங்கள். சுக்மணி அக்கா பட்டுப் புடவையைக் கழற்றித் தரப் பார்த்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "கட்டிட்டுப் போ சாமி. உங்கம்மா பாக்கட்டும்."

பஸ் கிளம்புகிற வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கையாட்டிக்கொண்டே இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கார்டை வைத்து, அதைத் தடவுவதும் பார்ப்பதும் ரவிக்கைக்குள் வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் போட்டோவில் பயந்துபோன பூனை மாதிரி இருப்பாள். தன் மூஞ்சியின் மேல் இவளுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன்.

மாசியில் அப்பாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கரகரப்புக்கு நடுவில் அவள் குரல்: "பாப்பா வந்துட்டாங்க." அதற்குள் கட் ஆகிவிட்டது. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

அந்த அழைப்பு வந்தபோது நாங்கள் பழைய வீட்டில் இல்லை. பஸ் ஏற்றிவிட்ட மறுநாளே அப்பா பீரோவைத் திறந்து, மிச்சம் ஏழு பேருடைய கார்டையும் அவரவர் கையில் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. அவராகக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை முதலாளி பீரோவைத் திறந்தபோது டப்பாவில் ஒன்றும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஏழு பேரில் ஒருவர்கூட ஓடிப்போகவில்லை. சீசன் முடிகிற வரை இருந்து கடைசிப் பழம் வரைக்கும் பறித்துவிட்டுத்தான் போனார்கள். வெளியே போக வேண்டி வந்தது எங்களுக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு ஒரு பிக்கப் வண்டியில் கட்டில், பாத்திரம், அத்தை, குழந்தை, கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மாரமங்கலம் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒருவரின் மிளகுத் தோட்டத்தில் கூலிக்குப் போக ஆரம்பித்தார்.

அப்பா கார்டைத் திருப்பிக் கொடுத்த விஷயத்தை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன், முதலாளி சாப்பிடாமல் போனார், நமக்கு வீடு போய்விட்டது. புது வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் பேசுனதாலதான நம்மள அனுப்பிட்டாங்க?"

அம்மாவின் கை தண்ணீரில் அப்படியே நின்றது. பிறகு மறுபடி களைய ஆரம்பித்தாள்.

"அட நீ ஒண்ணு. அன்னிக்குப் புளிசாதத்துல உப்பு நொம்பத் தூக்கலாப் போச்சு கண்ணு. ஒருத்தரால வாயில வெக்க முடியல. அதான் மொதலாளிக்குக் கோவம்."

நான் அதை நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அப்பாடா என்று பிடித்துக்கொண்டேன் என்பதுதான் சரி. தப்பு அம்மாவின் மேல் என்று தெரிந்ததும் அவள் மேல் எனக்கு அநியாயத்துக்குக் கோபம் வந்தது. ஒரு கை உப்புக்காக ஒரு வீட்டையே இழக்க வைத்துவிட்டாளே. அன்று முதல் எதைச் சமைத்தாலும் பக்கத்தில் போய் நின்று, "உப்புப் பாத்தியா?" என்று கேட்க ஆரம்பித்தேன். ஒருநாள்கூட அவள் சலித்துக்கொள்ளவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என் உள்ளங்கையில் விடுவாள்.

"நீயே பாத்துச் சொல்லு சாமி. இன்னொருக்கா ஊடு மாத்த என்னால ஆகாது."

நான் பெரிய ஆபீசர் மாதிரி நக்கிப் பார்ப்பேன். கொஞ்சம் யோசிப்பேன். சரியாக இருக்கிறது, இறக்கலாம் என்று தலையாட்டுவேன். அப்பா அப்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். தோட்டத்து வேலை அவருக்குப் பழக்கமில்லை, களைப்பாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.